போனை வைத்துவிட்டுப் போங்கள்

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கைபேசி பெரும்பாலும் ஒருவருடையது மட்டும் அல்ல. படுவான்கரையில் ஏதாவது ஒரு வீட்டுக் கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு அது மூத்த மகளுடையது. குவைத்தில் வேலை செய்யும் தாய் இரவில் அதில்தான் வீடியோ அழைப்பில் வருவாள். அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்துக்கான விண்ணப்பத்துக்காகப் படம் பிடித்த அம்மம்மாவின் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் அதில்தான் இருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் வட்ஸ்அப்புக்கு வந்ததிலிருந்து தம்பியின் வகுப்புக் குழு அதை விட்டு இறங்கவில்லை. மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு 2022 இல் எடுத்த எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர், காணி உறுதியின் பக்கங்கள், மாதர் சங்கச் சீட்டுக் கணக்கு, கோயில் நிருவாக சபையில் நடக்கும் சண்டை, யாருடையதோ சாமத்திய வீட்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில்.

அந்தக் கைபேசியை மூத்த மகள் இன்னொருவர் கையில் கொடுக்கும்போது அவள் யார் யாருடையதைக் கொடுக்கிறாள்? இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. கொடுப்பவளும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

நான் இதை இரண்டு மேசைகளின் ஓரத்தில் இருந்து பார்த்தவள். என் தம்பி களுவாஞ்சிக்குடியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். பின்னேரங்களில் வரவு செலவு எழுதவும் வருகிறவர்களுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் நான் போவேன். அதற்கு முன்பு சில வருடங்கள் மட்டக்களப்பு நகரில் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பில் இருந்தேன். முறைப்பாடு கொடுக்கப் போகும் பெண்களுக்குத் துணையாகப் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போவது என் வேலை. இரண்டு மேசைகளிலும் ஒரே வாக்கியம்தான் காதில் விழும்: "போனை வைத்துவிட்டுப் போங்கள்."

கடை மேசையை முதலில் சொல்கிறேன். எங்கள் வேலைப் புத்தகம் ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி. பக்கத்துக்கு ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் பெயர், தொலைபேசி இலக்கம், கைபேசியின் வகை, பழுது, சொன்ன தொகை. வலது ஓரத்தில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள். வாடிக்கையாளர் திரையைத் திறக்க இழுக்கும் கோட்டை நான் பேனாவால் அந்தப் புள்ளிகளின் மேல் வரைவேன். எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரிய முதற் புள்ளிக்கு ஒரு வட்டம் போடுவேன். பிறகு அதே கோட்டை மாஸ்கிங் டேப்பில் வரைந்து கைபேசியின் முதுகில் ஒட்டி இலாச்சிக்குள் போடுவோம். பூட்டும் திறப்பும் ஒரே இலாச்சியில் படுத்திருக்கும். இது எங்கள் கடையின் விசேஷம் அல்ல. நான் ஏறி இறங்கிய கடைகள் பலவற்றில் இதுதான் நடைமுறை.

ஒன்பது புள்ளிகளில் 389,112 விதமாகக் கோடு இழுக்கலாம். கொப்பியைப் புரட்டினால் எங்கள் சனம் அதில் ஒரு டசினைத்தான் பாவிக்கிறது என்று தோன்றும். நோர்வேயில் 2015 இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் ஏறத்தாழ நாலாயிரம் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவற்றில் 44 சதவீதம் இடப்பக்க மேல் மூலையில் தொடங்கின. எங்கள் கொப்பியை அவர் பார்த்திருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும்.

ஒருமுறை தம்பியிடம் கேட்டேன். "டிஸ்பிளே மாற்றுவதற்குப் பாட்டர்ன் எதற்கடா?"

"மாற்றிய பிறகு தொடுதிரை, கமரா, ஸ்பீக்கர் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டுமே அக்கா. பார்க்காமல் கொடுத்தால், முதலில் நன்றாக இருந்த கமராவை நீதான் பழுதாக்கினாய் என்று நாளைக்கு வந்து நிற்பார்கள்."

அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் பூட்டிய திரையிலேயே பெரும்பாலான கைபேசிகளில் கமரா திறக்கும். அவசர அழைப்புத் திரையில் இலக்கங்களை அழுத்தித் தொடுதிரையின் பெரும்பகுதியைச் சோதிக்கலாம். மிச்சத்தை வாடிக்கையாளர் வந்த பிறகு அவர் கண் முன்னால் பார்க்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். சந்தை நாளில் அந்த ஐந்து நிமிடம் பெரிய தொகை என்பதும் எனக்குத் தெரியும்.

இதில் யாரையும் சந்தேகப்பட்டு எழுதவில்லை. என் தம்பி மற்றவர்களின் படங்களைத் திறந்து பார்க்கிறவன் அல்ல. ஆனால் ஒருவனுடைய நல்ல குணத்தை மட்டும் காவலுக்கு வைத்திருக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் ஒரு காரியம் செய்தார்கள். மடிக்கணினிகளில் போலியான சொந்தப் படங்களையும் கோப்புகளையும் வைத்து, நடப்பதையெல்லாம் இரகசியமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு, சிறிய பழுது ஒன்றை உண்டாக்கி, 16 திருத்தும் கடைகளுக்குக் கொடுத்தார்கள். ஆறு இடங்களில் திருத்தியவர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் தங்களுக்கென்று பிரதி எடுத்திருந்தார்கள். பழுதுக்கும் அந்தக் கோப்புகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சாம்சங் கைபேசிகளில் 2022 இலிருந்தும் கூகுள் பிக்சலில் 2023 கடைசியிலிருந்தும் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் 'மெயின்டனன்ஸ் மோட்' (பிக்சலில் அதன் பெயர் 'ரிப்பேர் மோட்') என்பதை இயக்கினால் கைபேசி மறுபடி தொடங்கி, கடையிலிருந்து புதிதாக வாங்கியது போல வெறுமையாக நிற்கும். திருத்துபவர் எல்லாவற்றையும் சோதிக்கலாம், ஆனால் உங்கள் படமோ செய்தியோ அவருக்குத் தெரியாது. அதிலிருந்து வெளியே வர உங்கள் பூட்டு எண் வேண்டும். நல்ல வசதி, ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்களிடம் வருவதில் முக்கால்வாசி உடைந்த டிஸ்பிளே. திரை தெரியாத கைபேசியில் இந்த வசதியை எப்படி இயக்குவது? ஆகவே கைபேசி நன்றாக இருக்கும் நாளிலேயே படங்களை வேறிடத்தில் சேமித்து வைப்பதும், பூட்டக்கூடிய செயலிகளுக்குத் தனிப் பூட்டுப் போடுவதும்தான் நடக்கக்கூடிய வழி. பழுகாமத்திலிருந்து வந்த ஒரு ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு என்ன மகே இரகசியம் இருக்கு" என்று சிரித்தார். அவருடைய கைபேசியில் பேத்தியின் சாதகக் குறிப்பும், பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரின் முழு விபரமும் இருந்தன. அவருக்கு இரகசியம் இல்லைதான். பேத்திக்கு இருந்தது.

கைபேசியைக் கையில் வாங்காமலே உள்ளிருப்பதை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நுண்கடனால் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதன் அடுத்த அவதாரம் கைபேசிக் கடன் செயலி. பிணை வேண்டாம், கூட்டம் வேண்டாம், பத்து நிமிடத்தில் பணம். செயலி ஏறும்போது தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் கடன் இல்லை. வெல்லாவெளிப் பக்கத்துப் பெண் ஒருவர் தவணை பிந்திய மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். அவருடைய அடையாள அட்டைப் படத்தோடு, 'இவர் கள்ளி' என்ற செய்தி அவருடைய பட்டியலில் இருந்தவர்களுக்குப் போயிருந்தது. மகளின் அதிபருக்கு, குடும்ப நல உத்தியோகத்தருக்கு, கிராம சேவகருக்கு, விவாகரத்தான கணவனின் தங்கைக்கு. கடனைவிட அந்தக் கடைசி ஆளுக்குப் போனதுதான் அவரைச் சுட்டது.

கூகுள் தன் செயலிக் கடையில் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று 2023 மே மாதத்தோடு தடை போட்டது. வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி நேரே இறக்கிக்கொள்ளும் செயலிகளை அந்தத் தடை எட்டாது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பெண் கொடுத்த அனுமதி அவருடையது மட்டும்தான் என்பது. பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூடக் கடன் கேட்கவில்லை, ஒருவர்கூட அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் எல்லோருடைய இலக்கமும் முகம் தெரியாத ஒருவனிடம் இருக்கிறது.

இனி இரண்டாவது மேசை. அதற்கு முன் ஒரு சிறு வரலாறு, ஏனென்றால் இந்த இரண்டு மேசைகளும் ஒரே தச்சன் செய்தவை. இஸ்ரேலில் 1999 இல் செலிபிரைட் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. கைபேசிக் கடைகளுக்கான ஒரு பெட்டியை விற்றுத்தான் அது வளர்ந்தது. பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு இலக்கங்களை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஆயிரம் வகைக் கைபேசி, ஆயிரம் வகைக் கேபிள், எல்லாவற்றோடும் பேசத் தெரிந்த ஒரு பெட்டி. கைபேசியோடு பேசி உள்ளிருப்பதை வாங்கத் தெரிந்தவனுக்கு வேறொரு வாடிக்கையாளரும் உண்டு என்பது சீக்கிரமே புரிந்தது. 2007 இல் அதே அறிவை வைத்துப் புலனாய்வாளர்களுக்கான பெட்டி வந்தது. இன்று உலகின் பல நாட்டுப் பொலிஸ் மேசைகளில் அந்த நிறுவனத்தின் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 2,000 சட்ட அமலாக்க அமைப்புகள் இத்தகைய கருவிகளை வாங்கியிருப்பதை 2020 இல் அங்குள்ள ஒரு ஆய்வு நிறுவனம் அம்பலப்படுத்தியது.

இவை எப்படி எடுக்கின்றன என்பதைத் தொழில்நுட்பச் சொற்கள் இல்லாமல் சொல்லிவிடலாம். எளிய வழி, கைபேசியிடமே கேட்டு வாங்குவது. நீங்கள் புதிய கைபேசிக்கு மாறும்போது எது எது மாறுகிறதோ அது வரும். அடுத்தது, கோப்புகள் முழுவதையும் அள்ளுவது. செயலிகள் தங்களுக்குள் ஒளித்து வைத்திருக்கும் தரவுத்தளங்களும், எங்கே எப்போது நின்றீர்கள் என்ற பதிவுகளும் வரும். மூன்றாவது, நினைவகத்தை அப்படியே அச்சுப் போல எடுப்பது. பழைய கைபேசிகளில் நினைவகச் சில்லை (சிப்) சூடாக்கிக் கழற்றி வாசிப்பார்கள். தம்பியின் மேசையில் உள்ள அதே சூடான காற்று அடிக்கும் கருவிதான் அதற்கும். புதிய கைபேசிகளில் உள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அதாவது திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டிருப்பதால், சில்லைக் கழற்றினாலும் வெறும் குப்பைதான் கிடைக்கும். திறப்பு வேண்டும்.

அந்தத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. கைபேசியை அணைத்துப் போட்டபின் நீங்கள் முதன்முறை எண்ணைப் போட்டுத் திறக்கும்வரை திறப்பு வெளியே வருவதில்லை. ஒருமுறை திறந்துவிட்டால், திரை பூட்டியிருந்தாலும் திறப்பு உள்ளே நினைவகத்தில் விழித்தே இருக்கும். கருவிகளுக்கு இந்த இரண்டாம் நிலைதான் விருப்பம். அதனால்தான் ஐபோன்கள் 2024 இலிருந்து மூன்று நாள் திறக்கப்படாமல் கிடந்தால் தாமாகவே அணைந்து மறுபடி தொடங்குகின்றன. ஆண்ட்ராய்டுக்கும் 2025 இல் அதே வசதி வந்தது. நான்கு இலக்க எண்ணுக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள்தான், ஆறு இலக்கத்துக்குப் பத்து இலட்சம். பிறந்த ஆண்டை எண்ணாக வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

எடுத்தபின் வருவது ஒரு குவியல் அல்ல. மென்பொருள் அதை அடுக்கிக் கொடுக்கும். யாரோடு அதிகம் பேசினீர்கள், எந்த நாளில் எங்கே இருந்தீர்கள், எந்த முகம் எத்தனை படத்தில் வருகிறது என்று. பல வருடத்து வாழ்க்கையில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையங்களில் நான் பார்த்தது பெட்டி அல்ல, விரல். ஒரு இளம் பெண்ணுக்கு முன்னாள் காதலன் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டல் அனுப்பிக்கொண்டிருந்தான். ஊர் பேர் வேண்டாம். துணைக்குப் போனேன். மேசையில் இருந்த அதிகாரி கையை நீட்டினார். "போனைத் தாருங்கள், பார்ப்போம்." அவள் வட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து கொடுத்தாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இன்னொருவரை அழைத்தார். வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் நின்றபடியே, முறைப்பாடு எழுதக் காத்திருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி, செய்திகளை வாசித்து மொழிபெயர்த்தார். வாசித்துக்கொண்டே விரல் மேலே போனது. மிரட்டலுக்கு முந்திய மாதங்களுக்கு, அவள் அவனுக்கு அன்போடு எழுதிய நாட்களுக்கு. பிறகு உரையாடலை விட்டு வெளியே வந்து படத் தொகுப்புக்குப் போனது. அங்கே அவளுடைய அக்காவின் பிரசவ வார்டுப் படங்கள் இருந்தன. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. "போனை வைத்துவிட்டுப் போங்கள், விசாரணைக்குத் தேவை" என்றார் முதலாமவர். அவள் முறைப்பாடே வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

அந்த அதிகாரிகள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவேளை நிரூபணத்தைத் தேடினார்கள். ஆனால் ஒரு உரையாடலுக்காக வந்தவளிடம் ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டார்கள். பிரச்சினை அங்கேதான். ஒன்றைத் தேடுபவர் எல்லாவற்றையும் எடுக்கிறார், ஏனென்றால் தெரிந்தெடுப்பதைவிட அள்ளுவது சுலபம். கடைக்காரனுக்கும் அதே சுலபம், கடன் செயலிக்கும் அதே சுலபம்.

இது எங்கள் ஊர் நோய் மட்டும் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019 ஏப்ரலில் முறைப்பாட்டாளர்களிடமும் சாட்சிகளிடமும் கைபேசிக்கான ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மறுத்தால் வழக்கு முன்னே போகாமல் விடலாம் என்றது அது. பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்கள் முறைப்பாட்டைக் கைவிடத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்டவளின் பழைய காதல் கடிதத்தை வாசிக்காமல் குற்றவாளியைப் பிடிக்க முடியாதா என்று பெண்கள் அமைப்புகள் வழக்குக்கு ஆயத்தமாயின. அளவுக்கு மிஞ்சி எடுக்கிறார்கள் என்று அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2020 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அந்த வருடமே படிவம் கைவிடப்பட்டது. 2022 இல் வந்த சட்டம், வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலோ 2014 இலேயே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது: கைதானவரின் சட்டைப்பையில் இருக்கும் மற்றப் பொருட்களைப் போலக் கைபேசியைப் பார்க்க முடியாது, நீதிமன்ற ஆணையோடு வா என்று.

இலங்கையில் எங்கே நிற்கிறோம்? அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. 2015 இல் தகவல் அறியும் உரிமையைச் சேர்த்தபோது, அந்த உரிமையை மட்டுப்படுத்தும் காரணங்களில் ஒன்றாக அந்தரங்கம் என்ற சொல் உள்ளே வந்தது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதன் கீழான விசாரணையில் தகவல் எடுக்க நீதவானின் ஆணையைக் கேட்கிறது. அவசரம், சாட்சியம் அழிந்துவிடும் என்றால் ஆணையின்றியும் செய்யலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தவை பிற்போடப்பட்டன. குற்ற விசாரணைக்கும் தேசிய பாதுகாப்புக்கும் அதில் விலக்கு உண்டு. விலக்கும் அவசியமான, அளவான எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த 'அளவு' என்ற சொல்லைப் பொலிஸ் நிலைய மேசைவரை கொண்டுவருவது யார் என்பதுதான் கேள்வி. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து மேசையில் இருக்கிறது. அதைக் கொண்டுவர யாரும் தேவைப்படவில்லை.

எங்கள் மண்ணில் படங்களைப் பற்றிய பயத்துக்கு வயது அதிகம். 1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் புகைப்பட ஆல்பத்தைக் கிணற்றடியில் வைத்து எரித்தார்கள். சித்தப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த பொடியன்கள் சிலர் இயக்கத்துக்குப் போயிருந்தார்கள், அவர்கள் நின்ற வகுப்புப் படம் அதில் இருந்தது. அந்த ஒரு படத்துக்காக அம்மாவின் கலியாணப் படங்களும் போயின. அம்மாவுக்குத் தனியே கிழித்தெடுக்க நேரம் இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் தாக்குதல்காரரின் கூட்டாளிகள் ஒளிந்திருந்த வீடும் வெடித்த பிறகு, காத்தான்குடியிலும் கல்முனைப் பக்கத்திலும் என் முஸ்லிம் சிநேகிதிகள் இரவிரவாகக் கைபேசியை அழித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் எடுத்த படங்களை அல்ல. குழுக்களில் யாரோ அனுப்பி, தானாக இறங்கி, அவர்கள் ஒருநாளும் திறந்தே பார்க்காத படங்களை.

ஆல்பத்தை எரித்தால் எரிந்துவிடும். கைபேசியில் அழித்தால் அப்படி அல்ல. பெரும்பாலான செயலிகள் செய்திகளை வைக்கும் தரவுத்தளத்தில், அழித்த வரி இருந்த இடம் 'வெறுமை' என்று குறிக்கப்படுமே தவிர, இன்னொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழையது உள்ளே கிடக்கக்கூடும். படத்தை அழித்தாலும் அதன் சிறு வடிவம் வேறோர் இடத்தில் தங்கலாம். அழித்த நேரமும் சில வேளை பதிவாகும், அது இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். ஆகவே பயந்து அழிப்பதைவிட, வரும் வழியை அடைப்பது மேல். வட்ஸ்அப் அமைப்புகளில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துவதற்கு அரை நிமிடம் போதும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் கேட்காமலே செய்து கொடுக்கும் ஒரே காரியம் அதுதான்.

எடுப்பதோடு முடிவதில்லை என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. சேர்பியாவில் 2024 பெப்ரவரியில் ஒரு செய்தியாளரை வீதிச் சோதனை என்று பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வா என்றார்கள். திரும்பி வாங்கியபோது இணைய இணைப்பு அணைந்திருந்தது. அவருக்கு ஐயம் வந்தது. சர்வதேச மன்னிப்புச் சபை ஆராய்ந்து அந்த டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. செலிபிரைட் கருவியால் திறந்து, உள்ளே ஒரு உளவு மென்பொருளையும் ஏற்றியிருந்தார்கள். சேர்பியாவில் சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர்கள் தன் கருவியைப் பாவிப்பதைத் தானே நிறுத்திவிட்டதாக அந்த நிறுவனம் 2025 பெப்ரவரியில் அறிவித்தது.

அந்த இளம் பெண்ணின் கதைக்கு வருகிறேன். சில வாரங்களின் பின் அவளே திரும்பி வந்தாள், மிரட்டல் நிற்கவில்லை. இந்த முறை ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து ஆயத்தம் செய்தோம். கைபேசியிலிருந்து ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை, அழித்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்றார் அவர். வட்ஸ்அப்பில் ஒரே ஒரு உரையாடலை மட்டும் வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. அதனால் எடுத்து, மிரட்டல் வந்த நாட்களின் பகுதியை அச்சிட்டோம். அனுப்பியவனின் இலக்கமும் நேரமும் தெரியும்படி திரைப் படங்களும் எடுத்தோம். கூடவே ஒரு கடிதம்: இந்த இலக்கத்தோடு, இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை நடந்த உரையாடலைப் பார்வையிட மட்டும் சம்மதிக்கிறேன், மூலக் கைபேசி தேவைப்பட்டால் நீதவானின் ஆணையின்படி ஒப்படைக்கிறேன், ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டுத் தர வேண்டும்.

அதே நிலையம், வேறு அதிகாரி. இம்முறை மகளிர், சிறுவர் பணியகத்தில் ஒரு பெண் உப பொலிஸ் பரிசோதகர் இருந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இப்படி யாரும் கொண்டு வருவதில்லையே தங்கச்சி" என்றார். மேலே ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்து, அச்சிட்ட தாள்களை ஒவ்வொன்றாக அவள் கைபேசித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கைபேசி முழு நேரமும் அவள் கையிலேயே இருந்தது. தமிழ்ப் பகுதியை அவரே தட்டுத் தடுமாறி வாசித்தார், சத்தம் போடாமல். தகவல் புத்தகத்தில் முறைப்பாட்டை எழுதி, இணைப்பாக எத்தனை தாள் என்று குறித்து, அவளிடம் கையொப்பம் வாங்கினார்.

தம்பியின் கடையில் இப்போது பாட்டர்ன் கட்டம் இல்லாத ஒரு கொப்பி கோடு போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்காமலே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம், வாங்க வரும்போது நீங்களே திறந்து காட்டுங்கள் என்றால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஒருவர் பக்கத்துக் கடைக்கே போய்விட்டார், இவர்களுக்கு வேலை தெரியாது போல என்று சொல்லிக்கொண்டு. தம்பி என்னை முறைத்தான்.